சின்னஞ்சிறு சரக்குப் பெட்டிகள்: தரமும் தெரிவும்



புகையிரதத்தைச் சுருக்கி மேசைமீது ஓட்டுதல், மேல்நாடுகளில் முதியோரும் விரும்பிப் பயிலும் கலையாகும். அக்கலையில் "என்" என்னும் ஆங்கில எழுத்தாற் குறிக்கப்படும் அளவொன்று உண்டு. அதிலே தண்டவாளங்களின் இடைவெளி 9 மில்லிமீற்றர். ஒன்பதைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று. ஜேர்மனியின் ஆர்னோல்ட் நிறுவனம் 1960களில் இதனைப் பரப்பியது. அமெரிக்காவில் இதன் விகிதம் 1:160. அங்கு 40 அடி நீளமான சரக்குப் பெட்டி, இவ்வளவில் 3 அங்குலமாகிவிடுகின்றது.

இத்துணைச் சிறிய பெட்டியின் தரத்தை எவ்வாறு அறிவது? வர்ணத்தைக் கண்டு மயங்கி வாங்குவோர் பலர். ஆயின், தொடரில் ஒரு பெட்டி தடம்புரண்டால் முழுத்தொடரும் நின்றுவிடும். முப்பது பெட்டிகளுள் ஒன்று பழுதாயினும், செலவிட்ட பணத்தின் பயன் முழுவதும் கெடும். ஆகவே முதலில் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அழகு அதன் பின்னரே.

முதலாவது, சில்லு. பழைய பெட்டிகளின் சில்லுகளில் விளிம்பு மிக ஆழமானது. உயரங் குறைந்த தண்டவாளத்தில் அவ்விளிம்பு, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணித்தலைப் புடைப்புக்களில் தட்டுப்படும். ஆழங் குறைந்த விளிம்புடைய உலோகச் சில்லே நன்று. பெட்டியைக் கண்ணாடித் தகட்டின்மேல் வையுங்கள். எட்டுச் சில்லுகளும் ஒருங்கே படிந்தால் அது நேரானது.

இரண்டாவது, எடை. நீளம் 160இல் ஒன்றாகக் குறையும்போது, எடை ஏறக்குறைய 40 இலட்சத்தில் ஒன்றாகக் குறையும். 20 தொன் பெட்டி 5 கிராம் ஆகிவிடும். அத்தகைய பெட்டியை வளைவிலே முன்னுள்ள எஞ்சினும் பின்னுள்ள பாரமும் இழுத்து உட்புறம் சாய்த்துவிடும். ஆதலால், 1935இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் வேறொரு கணக்கைப் பரிந்துரைக்கின்றது: அரை அவுன்சுடன், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் 0.15 அவுன்ஸ் சேர்க்க வேண்டும். 3 அங்குலப் பெட்டிக்கு இது சுமார் 27 கிராம். குறையும் எடையைப் பெட்டியின் அடித்தளத்தில், கூடியவரை தாழ்வாகச் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, இணைப்பு. ஆர்னோல்ட் கொளுவியைப் பல நிறுவனங்கள் கைக்கொண்டமையால், வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளும் ஒன்றோடொன்று இணைந்தன. ஆயினும் அது பருமனானது. மெய்யான கொளுவியின் தோற்றம் அதற்கில்லை. மைக்ரோ ட்ரெயின்ஸ் முதலிய நிறுவனங்களின் கொளுவி மெய்யானதை ஒத்தது. தண்டவாளத்தினடியில் வைத்த காந்தத்தால் விடுபடுவது. இவ்விரு வகையும் தம்முள் இணையா. எனவே ஒரே வகையைத் தெரிந்து, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் அமைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பொருத்தம். பிரித்தானிய மாதிரிகள் 1:148 விகிதத்தன. அதே தண்டவாளத்தில் ஓடினும், அமெரிக்கப் பெட்டிகளின் அருகே அளவு ஒவ்வாது தோன்றும். காலமும் ஒத்திருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 1966இல் வந்த விதி மாற்றத்தின் பின், புதிய மூடுபெட்டிகள் கூரைமீது நடைபலகை இன்றியே கட்டப்பட்டன. நீராவி எஞ்சினின் பின்னே அத்தகைய பெட்டி நின்றால், அறிந்தவர் கண் உடனே உறுத்தும்.

ஒருங்கே பத்துப் பெட்டிகளை வாங்காது, ஒன்றை வாங்கித் தொடரில் இணையுங்கள். முன்னோக்கி இழுத்தும், பாதை பிரியுமிடத்திற் பின்னோக்கித் தள்ளியும் சோதியுங்கள். இழுக்கும்போது மறைந்திருக்கும் குறை தள்ளும்போது வெளிப்படும். அச்சோதனையில் தேறிய பெட்டியே பணத்திற்குத் தக்கது.