தாய் ஆன பிறகும் தங்கம்

குழந்தை பிறந்துவிட்டால் ஒரு பெண்ணின் விளையாட்டு முடிந்துவிடுமா? கள்ளக்குறிச்சியிலும் சரி, கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையிலும் சரி, “இனிமே என்ன ஆட்டம்?” என்று கேட்க யாராவது ஒரு பெரியம்மா இருக்கத்தான் செய்வார்!

அதற்குப் பதில் சென்னையில் இருக்கிறார். பெயர் அனிதா பால்துரை. கூடைப்பந்து வீராங்கனை, தெற்கு ரயில்வே ஊழியர். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு வயது 19தான். கல்லூரிப் படிப்பை முடிக்கும் வயது கூட இல்லை, பாருங்கள். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் மட்டும் ஒன்பது முறை இந்தியாவுக்காக ஆடியிருக்கிறார்.

நடுவில் ஒரு இடைவெளி. அம்மாவானார். திரும்பி வருவாரா என்று பலருக்கும் சந்தேகம். வந்தார். கூடைப்பந்தில் ஒரு நிமிடம் கூட சும்மா நிற்க முடியாது. ஓட வேண்டும், குதிக்க வேண்டும், முட்டி மோத வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு உடம்பை அதற்குப் பழக்குவது லேசான வேலையா?

2017-இல், பெங்களூரில், ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம். எதிரே கஜகஸ்தான். கடைசி வரை இழுபறி. இரண்டே புள்ளிகள் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது. ஆசியாவின் முதல் பிரிவுக்கும் முன்னேறியது. அந்தத் தங்க அணியில் அனிதாவும் இருந்தார்.

2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பெரியம்மாவிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்!