கப்பலில் வந்தவர்களே, கொட்டாஞ்சேனையில் நடந்திருக்கிறீர்களா?

கொழும்பில் உல்லாசக் கப்பல் ஒருநாள்தான் நிற்கும். இறங்குகிறவர்களைப் பெரிய பஸ்கள் ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போய்விடுகின்றன. துறைமுக வாசலிலிருந்து கால்நடையாகப் போகும் தூரத்தில் என்னவெல்லாம் இருக்கின்றன தெரியுமா? கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலருக்குத் தெரியாது!

முதலில் துறைமுகமே ஓர் அதிசயம். ஒருகாலத்தில் பெரிய நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நின்றன. 1875-இல் இங்கே அலைதாங்கிச் சுவருக்கு முதற்கல்லை வைத்தவர் யார் தெரியுமா? பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னராக முடிசூடிய இளவரசர்! சுவர் எழுந்ததும் உலகமே இந்த வழியாக வரத் தொடங்கியது. 1890 நவம்பரில் வந்த ஒரு ருஷ்ய மருத்துவர் துறைமுகத்துக்கு எதிரே கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் தங்கினார். அவர்தான் அந்தோன் செகாவ்! 'குசேவ்' கதையின் அடியில் கொழும்பு என்றே குறித்திருக்கிறார்.

கொச்சிக்கடைக்கு வாருங்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு, வியாபாரி வேடத்தில் ஒளிந்து திரிந்தாராம். கரையை அரித்துக்கொண்டிருந்த கடல் அவருடைய செபத்தால் பின்வாங்கியது என்று மீனவ மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த இடத்தில்தான் புனித அந்தோனியார் கோவில். செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள்: நெற்றியில் திருநீற்றோடு எத்தனை பேர் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்! 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்ததும் இதே கோவிலில்தான். சில வாரங்களிலேயே திருத்தி எழுப்பித் திறந்துவிட்டார்கள்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் முழுக்கக் கருங்கல்லால் ஆன ஒரு சிவன் கோவில்! பொன்னம்பலவாணேஸ்வரம். பொன்னம்பல முதலியார் தொடங்கியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907-இலிருந்து 1912 வரை கல்லால் திருப்பிக் கட்டினார். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே தூண்களுக்கு நடுவே போனதும் உடம்பெல்லாம் குளிர்ந்துவிடும்.

சீயத்து இளவரசர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் பிக்குவாக வாழ்ந்தார், தெரியுமா? ஐரோப்பிய அரசவைகளில் சீயத்தின் தூதராக இருந்த பிரிஸ்தாங் இளவரசர், இலங்கைக்கு வந்து துறவு பூண்டு, ஜினவரவங்ச என்ற பெயரில் தீபதுத்தமாராமய விகாரைக்குத் தலைமை ஏற்றார். அரண்மனையை விட்டு வந்தவர் நம்முடைய இந்த நெரிசலான தெருவைத் தேர்ந்தெடுத்தார்!

என்னை மிகவும் மலைக்க வைப்பது மேட்டில் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749-இல் தொடங்கி, 1757-இல் திறந்து வைத்தார்கள். சுவர் ஏறத்தாழ 5 அடி கனம்! கோட்டைக்குள் பழைய தேவாலயம் பாழடைந்தபோது, அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்த ஒல்லாந்த ஆளுநர்கள் முதலான பெரியவர்களின் எச்சங்களை 1813-இல் இரவில் தீவட்டி ஊர்வலமாக இங்கே கொண்டு வந்தார்கள். ஆட்சியோ அப்போது ஆங்கிலேயர் கையில்! கல்லறைக் கற்கள் உள்ளே தரையிலேயே பதிந்திருக்கின்றன. குனிந்து பார்த்து நடங்கள்.

இறக்கத்தில் புறக்கோட்டை. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் 1909-இல் கட்டி முடிந்தது.

இனி காலி வீதியில் 100-ஆம் இலக்க பஸ் பிடித்தால் வெள்ளவத்தை. 1929-இல் இங்கே கடலோர வீட்டில் சிலி நாட்டின் இளம் தூதரக அதிகாரி ஒருவர் கீரிப்பிள்ளை வளர்த்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பாப்லோ நெரூடா! இதைச் சொல்கிறவர்கள் மற்றதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மலக்கூடம் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதைத் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். அவள் பெயரை எழுதவில்லை. என்னால் அவரை மட்டும் தனியாகக் கொண்டாட முடியவில்லை.

பக்கத்திலேயே தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. அதைத் தொடங்கியவர் எல்பே நதிக்கரையிலுள்ள ஹம்பர்க்கின் புகழ்பெற்ற விலங்கு வணிகக் குடும்பத்து ஜோன் ஹாகன்பெக்! அவருடைய வணிகம் நொடிந்த பிறகு, 1936-இல் அரசாங்கம் பொறுப்பேற்றது.

ஆடி மாதத்தில் வருகிறவர்கள் பஸ்ஸையும் மறந்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் ஆடிவேல் விழாவில் புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலிருந்து முருகனின் இரதம் காலி வீதி வழியே தெற்கே நகரும். பின்னால் நடந்து வருகிற கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள்; வழி கேட்கவே வேண்டாம்!