சாண் செடிக்கு முழ வேர்!

கரிசல் மண்ணில் வேப்பங்கன்று பிழைப்பது எப்படி?

சங்கரன்கோவில் வட்டாரம் கரிசல் பூமி. மேற்கே உள்ள மலை, தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்துவிடுகிறது. இந்தப் பக்கம் காற்றுதான் அதிகம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் பெரிய மழை. கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்துவிடும்.

ஆசையோடு நட்ட கன்றுகள் பல, முதல் கோடையிலேயே பட்டுப்போகின்றன. ஆனால் காட்டு ஓரத்தில் தானாக முளைத்த வேம்பு, யாரும் தண்ணீர் ஊற்றாமலே மரமாகி நிற்கிறது! இது எப்படி?

முதலில் வேர்

வேப்பங்கன்று உயரமாக வளர அவசரப்படுவது இல்லை. முதலில் ஆணி வேரைக் கீழே இறக்குகிறது. வெளியே தெரிவது சாண் உயரம்தான். வேரோ அதைவிட ஆழத்தில் இருக்கும். மேல் மண் காய்ந்தாலும் அடி மண்ணில் ஈரம் இருக்கும் அல்லவா?

கதவை மூடும் இலை

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியாகச் செடி காற்றை வாங்குகிறது. நீரும் ஆவியாகப் போகிறது. ஈரம் குறைந்ததும் கன்று இந்தத் துளைகளை மூடிக்கொள்கிறது. அதனால் நீர் மிஞ்சும், வளர்ச்சி நின்றுவிடும். அதுவும் போதாவிட்டால் இலைகளை உதிர்த்துவிடும்.

மண் மேலும் காய்ந்தால்தான் ஆபத்து. தண்டில் உள்ள நுண்ணிய குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும். பிறகு அவற்றில் நீர் ஏறாது. குழாய்கள் பல இப்படி அடைபட்டால் கன்று செத்துவிடும்.

தேக்கின் வழி வேறு. அதன் தண்டு கருகினாலும், தடித்த வேரில் உணவு இருக்கும். மழை வந்ததும் துளிர்க்கும். அதனால்தான் தேக்கங்கன்றின் தண்டை வெட்டிவிட்டு, வேர்க்கட்டையை நடும் வழக்கம் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

ஐப்பசி மழை தொடங்கியதும் கன்றை நடுங்கள். கோடைக்குள் வேர் இறங்க நாலைந்து மாதம் கிடைக்கும். பையைக் கிழித்து எடுத்துவிடுங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் நறுக்கிவிடுங்கள்.

தினமும் ஒரு செம்பு நீர் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். வாரம் ஒரு முறை, அடி மண் நனையும்படி ஊற்றுங்கள். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். கன்றைச் சுற்றிச் சருகு பரப்பினால் ஈரம் காயாது.

இரண்டு கோடை இப்படிப் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு வேம்பு தானே பிழைத்துக்கொள்ளும்!