கிறவல் ஒழுங்கையிலிருந்து ஏ-9 வீதிக்கு: பாரவூர்திகளின் அருகே இடமெடுத்தலும் இடம்கொடுத்தலும்

மீள்குடியேறிய கிராமங்களில் நடக்கும் கூட்டங்களில் வீடு, கிணறு, வாழ்வாதாரம் பற்றிய கேள்விகள் முடிந்த பிறகு பெரும்பாலும் ஒரு முறைப்பாடு எழும்பும். "லொறிக்காரர் எங்களை றோட்டில ஏற விடுறாங்கள் இல்லை" என்பதே அது. ஒரு கூட்டத்தில் ஒரு தாய், பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒழுங்கை முகப்பில் தினமும் காத்து நிற்பதாகவும், வருகிற டிப்பர்களில் ஒன்றாவது வேகத்தைக் குறைப்பதில்லை என்றும் கோபத்துடன் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பினார். அவர் டிப்பர் ஓட்டுகிறவர். "அக்கா, நீங்கள் ஏறுறதைக் கண்ட பிறகு நான் நிப்பாட்ட நினைச்சாலும் அது நிக்காது" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் மற்றவருடைய சிரமம் தெரிவதில்லை. அந்தச் சிரமத்தை இங்கே விளக்க முயல்கிறோம்.

முதலில், வீதி மாறிவிட்டது என்பதை நினைவில் வைத்திருங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்த பின்னரே மறுபடியும் போக்குவரத்துக்கு விடப்பட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் ஓடிய வாகனங்களை எங்கள் வயதுடையவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள்கள் அவை. குண்டும் குழியுமான வீதியில் எந்த வாகனமும் வேகமாகப் போக முடியாது. தூரத்தில் சத்தம் கேட்டால், அது எங்களிடம் வந்துசேர நேரம் எடுக்கும். அந்தக் கணக்கில் பழகிய கண்ணும் காதும்தான் இன்றும் எங்களிடம் இருக்கின்றன. இப்போது வீதி அகலமாகி, காப்பெற் போடப்பட்டுவிட்டது. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கும்போது வாகனம் பக்கத்தில் நிற்கிறது. நலன்புரி முகாமிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இப்படியொரு வீதியே புதிதாக இருந்தது.

இனி டிப்பர்காரர் சொன்னதற்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். நீங்கள் வீதியில் ஏறுவதைச் சாரதி கண்டு, கால் பிறேக்கில் போய்ச் சேரவே ஒரு செக்கனுக்கு மேல் ஆகும். பெரிய லொறிகளில் பிறேக் காற்றழுத்தத்தால் வேலை செய்வது. மிதித்த கணமே பிடிக்காது, சிறு தாமதம் உண்டு. அதற்குப் பிறகுதான் பாரம் குறுக்கே நிற்கிறது. மணலோ சீமெந்தோ நிறைய ஏற்றிய லொறி, பிறேக்கும் ரயரும் நல்ல நிலையில் இருந்து வீதியும் காய்ந்திருந்தால்கூட, முழுதாக நிற்க 50 மீற்றருக்கு மேல் எடுக்கலாம். மழை பெய்த வீதியில் இன்னும் கூட. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே லொறிக்கு முன்னால் 30 மீற்றர் இடைவெளி கண்டு, "கார் என்றால் நிற்கும்தானே" என்று நினைத்து ஏறுவது பெரும் பிழை.

ஒரு லொறி ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடியும் வேகமெடுக்க எத்தனை கியர் மாற்ற வேண்டும் என்பதையும் யோசியுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவிரவாக ஓடிவரும் சாரதி ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் வேகத்தைக் குறைக்க மனமில்லாமல் இருப்பார். இதை அவருக்குச் சாட்டாகச் சொல்லவில்லை. பாடசாலைக்கு முன்னாலும் சந்தை கூடும் சந்தியிலும் வேகத்தைக் குறைப்பது அவருடைய கடமை. ஆனால் அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவதை நாங்கள் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். பல வேளைகளில் அதன் பொருள், "என்னால் நிற்க முடியாது, நீ நில்" என்பதே.

அடுத்தது பார்வை. எங்கள் நாட்டில் வாகனம் இடது பக்கமாக ஓடுகிறது, சாரதி வலது பக்கத்தில் இருக்கிறார். ஆகவே லொறியின் இடது கதவுக்குக் கீழேயும் முன்புறத்தை ஒட்டியும் உள்ள இடம் அவருக்குத் தெரியாது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வீதியில் எங்கே ஓடுகின்றன? அதே இடது ஓரத்தில்தான். லொறி மெதுவாகப் போகும்போது இடது பக்கத்தால் நுழைந்து முன்னே போக முயல்பவர், சாரதியின் கண்ணுக்கு இல்லாத ஆளாகிவிடுகிறார். லொறியின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட லொறி இடப்பக்க ஒழுங்கைக்குள் திரும்பும் விதத்தைப் பிள்ளைகளுக்கு நேரிலே காட்டிக் கொடுங்கள். முதலில் அது வலது பக்கம் விலகும். "எனக்கு இடம் விடுகிறார்" என்று நினைத்துச் சைக்கிள்காரர் உள்ளே போவார். பிறகு லொறி இடது பக்கம் வெட்டும்போது பின்சில்லுகள் முன்சில்லுகள் போன வழியில் வராமல், மூலையை ஒட்டி உள்ளே வரும். அந்த இடைவெளியில் அகப்பட்டவருக்குத் தப்ப வழி இராது. லொறி விட்ட இடம் உங்களுக்காக விட்டதல்ல, அதன் பின்சில்லுக்காக விட்டது.

ஒழுங்கையிலிருந்து பிரதான வீதியில் ஏறும்போது முன்னுரிமை பிரதான வீதியில் வருபவருக்கே. இதில் விட்டுக்கொடுப்பு எங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். நன்றாக நின்று, வலதும் இடதும் பார்த்து, மறுபடியும் வலது பக்கம் பாருங்கள். பெரிய வாகனம் தூரத்தில் மெதுவாக வருவதுபோலத் தோன்றும், உடல் பெரிதாக இருப்பதால் கண் ஏமாறுகிறது. ஒரு லொறி கடந்ததும் அதன் வாலைப் பிடித்து ஏறாதீர்கள். அதன் பின்னால் முந்திச்செல்லக் காத்திருக்கும் வான் ஒன்று மறைந்திருக்கலாம். மோட்டார் சைக்கிளில் ஏறுபவர் இடது ஓரத்தில் சேர்ந்து, வேகம் எடுத்த பிறகே நடுவுக்கு வர வேண்டும். உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்டரும் பெட்டியுடன் ஏறும்போது வேகமெடுக்க நெடுநேரம் பிடிக்கும். அவற்றுக்கு மிகப் பெரிய இடைவெளி வேண்டும். இருட்டில் பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளிதெறிப்பான் இல்லாமல் ஏறவே கூடாது.

பிரதான வீதியில் வருகிற சாரதிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வாசகர்களில் லொறி, டிப்பர் ஓட்டிப் பிழைப்பவர்களும் இருக்கிறீர்கள். ஒழுங்கை முகப்பில் பிள்ளையோடு யாரும் நிற்பதை நூறு, நூற்றைம்பது மீற்றருக்கு முன்னரே கண்டால், பிறேக் தேவையில்லை, அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தாலே போதும். அது கிட்ட வந்து அடிக்கும் ஹோர்னைவிட எவ்வளவோ மேல். கிட்ட வந்து அடித்தால் சைக்கிள்காரர் பதறி எந்தப் பக்கம் சரிவார் என்று யாருக்கும் தெரியாது.

முறிகண்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல், கச்சான் வாங்காமல் அந்த இடத்தைக் கடக்கும் சாரதிகள் குறைவு. தெற்கிலிருந்து வரும் சிங்களச் சாரதிகளும் அங்கே இறங்கிக் கும்பிடுகிறார்கள். பக்தியில் ஒற்றுமையாக நிற்கும் அதே ஆட்கள், திரும்ப வீதியில் ஏறும்போது ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறார்கள்! பஸ் ஒன்று சிக்னல் போட்டு வெளியே வர முயலும், பின்னால் நிற்கும் லொறியும் அதே கணத்தில் வெளியே வரும், நேர்வீதியில் வரும் வான் இரண்டையும் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குப் போகும். இறங்கிய பயணிகளோ நின்ற பஸ்ஸின் முன்புறத்தால் வீதியைக் கடப்பார்கள். பஸ் புறப்பட்டுப் போன பிறகு, இரண்டு பக்கமும் தெரியும்போது கடவுங்கள். கச்சான் ஓடிவிடாது.

எரிச்சல் அதிகம் வருவது மெதுவாகப் போகும் லொறியின் பின்னால் அகப்படும்போது. இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் லொறியின் பின்னால் 5 கிலோமீற்றர் போக ஏழரை நிமிடம் ஆகும். 60 இல் போயிருந்தால் 5 நிமிடம். இரண்டரை நிமிட வித்தியாசத்துக்காகத்தான் வளைவிலும் பாலத்திலும் முந்துகிறோம். லொறியின் பின்னால் ஒட்டிப் போனால் முன்வீதி உங்களுக்குத் தெரியாது, நீங்களும் அவர் கண்ணாடியில் தெரியமாட்டீர்கள். சற்றுப் பின்வாங்கினால் இரண்டும் தெரியும். முந்துவதற்கு வசதியான இடமும் அதுதான்.

சிக்னலை நம்பி முந்துவதிலும் கவனம் தேவை. முன்னே போகும் லொறி இடது சிக்னல் போட்டால் "முந்திப் போ" என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் இடது பக்கம் நிறுத்தப்போவதாகவோ ஒழுங்கைக்குள் திரும்பப்போவதாகவோ இருக்கலாம். வலது சிக்னலும் அப்படியே: "வராதே, எதிரே வாகனம்" என்றும் இருக்கலாம், "நான் வலது பக்கம் திரும்புகிறேன்" என்றும் இருக்கலாம். முன்வீதியை உங்கள் கண்ணால் பார்க்காமல் முந்தாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். லண்டனில் எதிரே வருபவர் லைற்றை ஒருதரம் அடித்தால், பெரும்பாலும் "நீங்கள் போங்கோ" என்று இடம் கொடுக்கிறார். எங்கள் வீதியில் அதே லைற்றுக்கு "நான் வருகிறேன், விலகு" என்று பொருள். அங்கே பழகியவர் இங்கே வாடகை வான் ஓட்டும்போது, லொறி தனக்கு மரியாதை செய்கிறது என்று நினைத்து அதன் முன்னால் திரும்பினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வீதி வேலை நடக்கும் இடங்களில் ஒரு பக்கம் மூடப்பட்டு, கொடி காட்டுபவர் வாகனங்களை மாறி மாறி விடுவார். வரிசையில் நிற்பவர்களைத் தாண்டி வலது பக்கத்தால் முன்னே போய் நிற்பது எங்களிடையே பழகிவிட்ட ஒரு கெட்ட வழக்கம். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிவரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு ரயில் கடவைகளிலும் இதைக் காண்கிறோம். கடவையின் இரு பக்கமும் வீதி முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ரயில் போனதும் இரு சாராரும் முகத்துக்கு முகம். நடுவில் ஒரு லொறி அகப்பட்டால் அதனால் பின்னாலும் போக முடியாது, முன்னாலும் போக முடியாது. இரண்டு வரிசை ஒன்றாகும் இடத்தில் இந்தப் பக்கத்தில் ஒன்று, அந்தப் பக்கத்தில் ஒன்று என்று மாறி மாறிப் போவதே எல்லோருக்கும் விரைவானது. ஜெர்மனியில் இது சட்டமாகவே இருக்கிறது. சட்டைச் சிப் இரண்டு பக்கப் பற்களும் ஒன்றுவிட்டு ஒன்று கோர்ப்பதுபோல என்று அங்குள்ள எங்கள் ஆட்கள் விளக்குவார்கள்.

உள்ளூர்க் கிறவல் வீதியில் நிலைமை வேறு. அங்கே டிப்பர் வந்தால் வீதியை விட்டு இறங்குவதைத் தவிர வழியில்லை. ஆனால் வன்னியில் எல்லா ஓரமும் இறங்கக்கூடிய ஓரமல்ல. மண்டையோடு போட்ட சிவப்பு எச்சரிக்கைப் பலகையோ, கட்டிய நாடாவோ, குறித்த கட்டைகளோ இருக்கும் பக்கம் எந்த வாகனத்துக்காகவும் இறங்காதீர்கள். சத்தம் கேட்டவுடன் மதகடியிலோ ஒரு வீட்டுப் படலையடியிலோ, ஆட்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். அப்படி இடமில்லாவிட்டால் வீதியிலேயே நின்று, கையை உயர்த்தி டிப்பரை நிறுத்தச் சொல்லுங்கள். கிறவலில் அது மெதுவாகத்தான் வரும், தூரத்தில் கண்டால் நிற்கும். பின்னால் செருக விடுவதற்கு லொறியும் ஓரம் இறங்கக்கூடாது. வெறும் வண்டி பின்வாங்கி, பாரம் ஏற்றிய வண்டிக்கு வழிவிடட்டும்.

கடைசியாக, எங்களுடைய பங்கு. வீட்டுத்திட்டத்தில் உதவிப்பணத்தைக் கட்டம் கட்டமாகப் பெற்று, மணல், கல், சீமெந்து எல்லாவற்றையும் நாங்களேதான் வாங்கிக் கட்டுகிறோம். அதாவது இந்த டிப்பர்களைக் கூப்பிடுவதும் நாங்கள்தான். அநேக சாரதிகளுக்குக் கூலி நடைக்கணக்கில். "மேசன் வந்து நிக்கிறார், கெதியா வாங்கோ" என்று நாங்கள் தொலைபேசியில் விரட்டும்போது, அந்த வேகம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளின் பக்கத்தால்தான் போகிறது. லோட் பேசும்போதே, பாடசாலை தொடங்கும் காலை 7 முதல் 7.30 வரையும், விடும் பிற்பகல் 1.30 முதல் 2 மணி வரையும் ஊருக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேசனுக்கு வேண்டிய மணலை முதல்நாளே பறித்து வையுங்கள். பறிக்கும் இடத்தை முன்கூட்டியே வளவுக்குள் துப்பரவாக்கி வைத்தால் டிப்பர் வீதியில் நின்று பறிக்க வேண்டி வராது. வீதியில் சிந்திய மணலை அன்றே கூட்டி அள்ளிவிடுங்கள், இருட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்குவது அதிலேதான்.