பூவின் முதுகில் இருக்கிறது அடையாளம்

நைட்டி தைப்பதற்குப் பேர்போன தளவாய்புரத்தில், பருத்தியின் சொந்தங்கள் ஊரைச் சுற்றி ஓடைக்கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கின்றன. துத்தி, நிலத்துத்தி, அரிவாள்மனைப்பூண்டு, சிற்றாமுட்டி, பேராமுட்டி எல்லாமே செம்பருத்திக் குடும்பம். ஐந்து இதழ், நடுவே மகரந்தக் காம்புகள் ஒட்டிக்கொண்டு ஒரே குழலாக எழுந்து நிற்பது: குடும்ப ஜாடை இது.

துத்தியை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். குழப்பமெல்லாம் முழங்கால் உயரக் குத்துச்செடிகளில்தான். இலையை நம்பினால் ஏமாற்றம். சிற்றாமுட்டியில் அடியிலை ஏறக்குறைய வட்டம், மேலிலையோ ஆழமாகப் பிளந்தது. இலையை மட்டும் படமெடுத்துச் செயலியிடம் கேட்பவர்கள் ஒரே செடிக்கு இரண்டு பெயர் வாங்கி வருவதில் வியப்பில்லை.

பூவைத் திருப்ப வேண்டும். புல்லிவட்டத்துக்கு வெளியே இன்னொரு பச்சை வரிசை உண்டா என்று பார்க்க வேண்டும். துத்தி, நிலத்துத்தி, அரிவாள்மனைப்பூண்டு மூன்றுக்கும் அது கிடையாது. பருத்திக்கு அகலமான மூன்று செதில்கள். சிற்றாமுட்டிக்கும் பேராமுட்டிக்கும் நூல்போல மெலிந்த பத்துச் செதில் வாக்கில், தட்டின் ஓரத்தில் வைத்த ஊதுபத்திகளாக விரிந்து நிற்கும்.

ஆமுட்டிகளிடம் ஒரு விசித்திரமும் இருக்கிறது. காய் ஐந்து துண்டாகத்தான் உடையும், துண்டுக்கு ஒரு விதை. ஆனால் பூவின் உச்சியில் சூல்தண்டுக் கிளைகளை எண்ணினால் பத்து! துத்தியில் காய்த்துண்டு எத்தனையோ, கிளையும் அத்தனை. இங்கே சரிபாதி கிளைகளுக்குக் காயில் பங்கே இல்லை. சாதாரண கைலென்ஸ் போதும், பள்ளிப் பிள்ளைகளே எண்ணிவிடலாம். எந்த ஆசிரியராவது ஒரு வகுப்பை ஓடைக்கரைக்கு அழைத்துப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நாட்டு மருந்துக்கடைக்குப் போவது ஆமுட்டி வேர். வேரைத் தோண்டினால் செடி போயிற்று. நறுக்கிக் காயவைத்த பிறகு எது எந்தச் செடி என்று கண்ணால் பிரிப்பதும் கடினம். அதனால் அடையாளம் பார்க்க வேண்டிய வேளை பூக்கும் காலம். தோண்டுவதோ, காய் உடைந்து விதை மண்ணில் விழுந்த பிறகு. இந்த ஒழுங்கைப் பலர் பார்ப்பதில்லை.

களைக்கொல்லி வேறு. பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சி துத்தியிலும் தங்கும் என்பதால் வயலோரத் துத்தியை அகற்றச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பருத்தியே போடாத ஓடைக்கரையில் மருந்தடிக்க அந்தக் காரணம் செல்லாது.