கார்ட்டிசாலும் வயிற்றுக் கொழுப்பும்

வயிறு பருத்தவரைக் கண்டால், உணவில் கட்டுப்பாடு அற்றவர் என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். உடலியல் இத்தீர்ப்பை அப்படியே ஏற்பதில்லை.

அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932இல் நோயாளிகள் சிலரைப் பற்றி எழுதினார். அவர்களின் முகமும் வயிறும் பருத்திருந்தன. கைகால்களோ அவ்வாறு பருக்கவில்லை. சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரையும் இருந்தது. பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றிய சிறு கட்டியே காரணம் என்றார் அவர். அக்கட்டி அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, அவை கார்ட்டிசாலை அளவின்றிச் சுரக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

கார்ட்டிசால் உடலின் பகையன்று; அஃதின்றி உயிர்வாழ்தல் அரிது. ஆபத்து நேர்கையில் அது தசைப் புரதத்தைச் சிதைத்து, அதிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் உருவாக்கும்படி செய்கிறது. இன்சுலினின் கட்டளைக்குத் தசைகள் மந்தமாகவே பணியும்படியும் செய்கிறது. மூளைக்குச் சர்க்கரை குறையாதிருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடனையும் வேலையிழப்பையும் விட்டு ஓடித் தப்ப இயலுமா? மாதக்கணக்கில் அச்சம் நீடித்தால், செலவாகாத சர்க்கரையைச் சமாளிக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க நேரிடுகிறது. இவ்விரண்டும் மிகும்போது கொழுப்பு வயிற்றின் உட்புறத்திலேயே அதிகம் குவிகிறது; அங்குள்ள கொழுப்புத் திசுவில் கார்ட்டிசாலை ஏற்கும் ஏற்பிகள் மிகுதி. அத்திசுவிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலைச் சென்றடைந்து, அதனையும் இன்சுலினுக்குச் செவிசாயாததாக்குகின்றன.

குஷிங் கண்ட நோயின் அளவுக்கு அன்றாடக் கவலை கார்ட்டிசாலை உயர்த்துவதில்லை. கவலையால் மெலிவோரும் உளர். எனினும் தூக்கக் குறைவு மட்டுமே என்ன செய்யும் என்பதைச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் காட்டினர். நலமுள்ள இளைஞர் 11 பேரை 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கச் செய்தனர். மாலைநேரக் கார்ட்டிசால் உயர்ந்தது; சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியது.

ஆஸ்துமாவுக்கும் மூட்டு அழற்சிக்கும் தரப்படும் பிரெட்னிசலோன் முதலிய ஸ்டீராய்டு மாத்திரைகளும் கார்ட்டிசாலின் இனமே. அவற்றை நெடுநாள் உட்கொள்வோர் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். எடை கூடுகிறதே என்றஞ்சித் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடலாகாது; உறங்கிப்போன அட்ரினல் சுரப்பிகள் உடனே விழித்தெழுவதில்லையாதலால், அது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கூறும் வண்ணம் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.