பேட்டிக்குப் போகும் பிள்ளை

தேவாரத்திலிருந்து சென்னைக்குப் புறப்படுகிறான் ஒரு பிள்ளை. கையில் ஒரு பெட்டி; நெஞ்சிலே ஒரு பயம். மேற்கே மலைத்தொடர் காவல் நிற்கும் அவ்வூரிலிருந்து பஸ் ஏறிப் போடிக்கு வந்து, 2023-ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து புறப்படும் சென்னை ரயிலில் இடம் பிடித்தாயிற்று. எழுத்துப் பரீட்சையில் தேறியாயிற்று. மிச்சம் இருப்பது பேட்டி ஒன்றுதான்.

"பார்த்துப் பேசுய்யா! ஏறுக்கு மாறா எதையாவது சொல்லிப்புடாதே" என்று திருநீறு பூசி அனுப்பினாள் தாய். அன்போடு சொன்ன அச்சொல்லே இரவெல்லாம் அவன் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. வருஷக்கணக்கில் வீட்டுச் சோறு தின்று படித்த படிப்பு, வாய் தவறிய ஒரு வார்த்தையில் போய்விட்டால்?

இந்தப் பயம் சாமானியர்க்கு மட்டும் உரியதன்று. 1958-இல் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் இரண்டு பேட்டிகளுக்காக வடக்கே சென்றார். விமானம் ஓட்ட வேண்டுமென்பது அவருடைய கனவு. டில்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப இலாகாவில் நடந்த பேட்டி சுலபமாக முடிந்தது. ஆசை முழுவதையும் வைத்திருந்த டேராடூன் விமானப்படைப் பேட்டியிலோ மனம் படபடத்தது. வந்தவர் இருபத்தைந்து பேர். எடுத்தது எட்டுப் பேரை. இவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம்!

மனமுடைந்து ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தரைக் கண்டு தேறுதல் பெற்றார். டில்லிக்குத் திரும்பியபோது மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் முதல் வேலைக்கான உத்தரவு காத்திருந்தது. அவர்தாம் அப்துல் கலாம்.

விண்வெளி ஆராய்ச்சிக்கென அமைந்த குழு பின்னர் அவரைப் பம்பாய்க்குப் பேட்டிக்கு அழைத்தது. இம்முறை விசேஷத் தயாரிப்பு ஏதுமின்றிச் சென்றார். எதிரே விக்ரம் சாராபாய். அவர் கலாமின் அறிவை நிறுத்துப் பார்க்கவில்லை. இம்மனிதரால் இனி என்னென்ன ஆகுமென்று ஆராய்ந்தார். மறுநாளே வேலை உறுதியாயிற்று.

நல்ல பேட்டியின் இலட்சணம் இதுவே. மத்திய தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண். அதில் பேட்டிக்கு 275. அது குறுக்கு விசாரணையன்று, நோக்கமுடைய இயல்பான உரையாடலே என்று ஆணையமே அறிவிக்கிறது. தெளிவு, நிதானம், நேர்மை ஆகியவையே அங்கே நிறுக்கப்படுகின்றன. இங்கிலீஷில் பிழை வருமோ என்ற நடுக்கமும் வேண்டியதில்லை. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் பேட்டியையும் தமிழிலேயே கொடுக்கலாம்.

ஆகவே, "தெரியாது" என்று தலைநிமிர்ந்து சொல்வது குற்றமன்று. தெரிந்ததுபோல் அளப்பதே குற்றம். சொன்னது பிழையென்று உணர்ந்தால், "மன்னிக்கவேண்டும், திருத்திச் சொல்கிறேன்" என்பதற்கும் நேரம் உண்டு. பிழையைத் தானே திருத்துபவனை நம்பி ஒரு தாலுகாவை ஒப்படைக்கலாமல்லவா?

தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை புறப்படும்போது, "பார்த்துப் பேசு" என்பதற்குப் பதிலாக, "உள்ளதைச் சொல், எப்படி ஆனாலும் வீடு இருக்கிறது" என்று சொல்லி அனுப்புங்கள். ஒன்பதாவதாக வந்த அந்த இளைஞர், 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எழுபத்து நான்காம் வயதில், நாட்டின் குடியரசுத் தலைவராகவே புனாவில் போர் விமானமேறி வானில் பறந்தார்!